ஆயாவின் ஏட்டில் இல்லாத ஒரு வரி

மழைக்கு முன்னால் காரைக்குடிப் பக்கம் இருக்கிற கண்டனூர் வீட்டில் ஓடு மாற்றிவிட வேண்டும் என்று புரட்டாசியில் வேலையைத் தொடங்கினோம். அம்மா பிறந்த வீடு. அம்மான்கள் இரண்டு பேரும் வெளியூரில் இருப்பதால் பொறுப்பு எங்களிடம்தான். இரண்டாங்கட்டில் ஒழுகுகிற மூலைக்கு நேர் கீழே, அம்மாவைப் பெற்ற ஆயாவின் மரப்பெட்டகம் இருந்தது, அதை நாலு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடிந்தது. உள்ளே ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரங்கள், ஓரம் இற்றுப்போன தடுக்கு, கல்யாணத்துக்கு முடைந்த கொட்டான் இரண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புத் துணி சுற்றிய நீளமான கணக்கேடு. அம்மா வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது ஆயா எழுதுன கணக்குல்ல" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஓட்டு வேலையை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

நான் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ஊரில் இருக்கிற அரிசி ஆலைக் கணக்கு, பாத்திரக்கடைக் கணக்கு, பலகாரக்கடைக் கணக்கு எல்லாம் என் மேசைக்கு வரும். அதனால் தெரிந்துதான் சொல்கிறேன், ஆயா எழுதிய மாதிரி சுத்தமான ஏட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. 1941லிருந்து 1953 வரை பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வருஷக் கடைசியில் ஐந்தொகை (வருஷ முடிவு இருப்புக் கணக்கு) எடுத்துச் சரிபார்த்திருக்கிறார். ஒரே ஓர் இடத்தில் இரண்டு அணா இடிக்கிறது, அதையும் மறைக்காமல் "தெரியவில்லை" என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன ஒரு பெண்ணின் கணக்கு இது.

எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே புது ஜோடியை வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், ஆனால் அடுப்பு தனி, அறை தனி, கணக்கும் தனி. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு பணம் என்று மாமனார் வீட்டில் அளந்து கொடுப்பார்கள். பதினாறு, பதினேழு வயசுப் பெண் அதை வைத்து வருஷத்தை ஓட்டியாக வேண்டும். புருஷன் ரங்கூனுக்கோ மலாயாவுக்கோ கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை வியாபாரத்துக்கு, போய்விடுவார், மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்கு வருவார். அதற்குள் நல்லது கெட்டது, மொய், முறை, கோயில் வரி, மராமத்து எல்லாம் இங்கே இருக்கிறவள் தலையில். ஐந்தாண்டுத் திட்டம் என்ற பேச்சே டெல்லிக்கு வராத காலத்தில் இந்தப் பெண்கள் வருஷா வருஷம் ஒரு திட்டம் போட்டு, அதற்குள் வாழ்ந்து, மிச்சமும் பிடித்தார்கள். மிச்சம் பிடித்ததற்குப் பேர் சிறுதேட்டு. அதை வட்டிக்கு விட்டார்கள், கடையில் போட்டு வைத்தார்கள். பர்மாவுக்குப் போன மூலதனத்தில் இந்த ஆச்சிகளின் பணமும் சேர்ந்துதான் கப்பலேறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு வயல் 1930களின் கடைசியில் செட்டியார்களிடம் வந்திருந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆண்கள் பெருக்கிய கணக்காகத்தான் அது எழுதப்படுகிறது. அங்கே இருந்த விவசாயிக்கு அது என்ன துயரம் கொடுத்தது என்பது வேறு கதை, அதையும் மறக்கக் கூடாது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏட்டில் அந்த மாசி, பங்குனிப் பக்கங்களில் "கடை வரவு" என்ற வரி நின்றுவிடுகிறது. அடுத்து வருகிற வரவெல்லாம் சிறுதேட்டு வட்டி, நெல் விற்றது, ஒரு வெள்ளிக் கூஜா விற்றது. பர்மாவுக்குப் போன தாத்தா, எங்கள் வழக்கில் ஐயா, எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே தெரியாது. நடந்தே எல்லை தாண்டி, உடம்பெல்லாம் எலும்பாக அவர் வந்து சேர்ந்த நாளில் ஏட்டில் ஒரே வரிதான்: "ஐயனார் கோயிலுக்கு மாலை 3 அணா."

சரி, எதற்காக இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், அதே ஏட்டில் சர்வதாரி வருஷம் ஆடி மாதம் 10ந் தேதிப் பக்கத்துக்காக. அதாவது 1948 ஜூலை 25. "காரைக்குடிக்கு வண்டி வாடகை போக வர 1 ரூபாய் 4 அணா. நேருவைப் பார்க்க." அன்றுதான் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, பொட்டல் காடாகக் கிடந்த இடத்துக்கு ஆய்வகத்தைக் கொண்டுவந்தார். 1953 பொங்கலன்று அதைத் திறந்து வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானி என்றால் என்ன என்று காட்டியதே அந்த இடம்தான், அழகப்பரைக் கும்பிடாதவர்கள் இங்கே யாரும் இல்லை, நானும் கும்பிடுகிறேன். ஆயா தூரத்தில் ஒரு வெள்ளைக் குல்லாயைத்தான் பார்த்தாராம். "புழுதி, அதுக்குள்ள ஒரு குல்லா" என்று சின்ன வயசில் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற என் ஆயாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மேடையில் நின்ற மனிதரிடம் எட்டு வருஷத்துக்கு முன்பே ஆயாவைப் பற்றிய ஓர் அறிக்கை கொடுக்கப்பட்டிருந்தது.

1938ல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது தேசியத் திட்டக் குழு என்று ஒன்றை அமைத்தார். தலைவர் நேரு, செயலாளர் கே.டி. ஷா. சுதந்திரம் வருவதற்கு முன்பே, வந்தால் என்ன செய்வது என்று யோசிப்பதற்கான குழு. அதன் கீழே 29 துணைக்குழுக்கள்: நீர்ப்பாசனம், மின்சாரம், ரசாயனம், வங்கி என்று. அதில் ஒன்று, திட்டமிட்ட பொருளாதாரத்தில் பெண்ணின் இடம் பற்றியது. 1939ல் அமைத்தார்கள். தலைவர் ராணி லட்சுமிபாய் ராஜ்வாடே. பேரைக் கேட்டதும் நிறையப் பேர் ஜான்சி ராணி என்று நினைத்துக்கொள்கிறார்கள், இவர் வேறு, ஒரு டாக்டர், அகில இந்திய மாதர் மாநாட்டில் முன்னணியில் நின்றவர். மிருதுளா சாராபாய், சரோஜினி நாயுடு, விஜயலட்சுமி பண்டிட், பேகம் ஹமீத் அலி எல்லாம் அந்த வேலையில் இருந்தார்கள். 1940ல் அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷமே நேரு மறுபடியும் சிறைக்குப் போனார், யுத்தம் நடந்துகொண்டிருந்தது, புத்தகமாக அச்சில் வந்தது 1947ல்தான்.

அந்த அறிக்கை கேட்டது என்ன தெரியுமா? பெண்ணைக் குடும்பத்துக்குள் ஒருத்தியாகக் கணக்கெடுக்காதே, தனி ஆளாகக் கணக்கெடு என்றது. வீட்டில் அவள் செய்கிற வேலைக்குக் கூலி இல்லாவிட்டாலும் பொருளாதார மதிப்பு உண்டு, அந்த மதிப்புக்கு ஈடாகக் குடும்ப வருமானத்தில் ஒரு பங்கு முழுக்க அவள் கையில் இருக்க வேண்டும் என்றது. ஒரே வேலைக்கு ஒரே கூலி, வேலை இடத்தில் குழந்தைக் காப்பகம், பிரசவ உதவி, மகளுக்குச் சொத்துரிமை. எந்த வருஷம்? 1940. முதல் தடவை அதைப் படித்தபோது ராத்திரி பதினோரு மணி. அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பிச் சொல்லலாமா என்று தோன்றியது.

தனி ஆளாகக் கணக்கெடு என்ற வார்த்தை எனக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்தில் கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. பெண்டாட்டி அந்தப் புள்ளிக்குள் அடக்கம். புருஷன் போய்விட்டால் அவள் அரைப்புள்ளி. 1968ல் ஐயா காலமான பிறகு, பன்னிரண்டு வருஷ ஐந்தொகை தனியாக எடுத்த, யுத்த காலத்தில் ஒரு வீட்டையே இழுத்துப் பிடித்த என் ஆயா, ஊர்க் கணக்கில் அரை. வரி குறைவாக வாங்குவது கைம்பெண்ணுக்குச் சலுகைதானே என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அரை என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை.

இப்போது ஏட்டில் இன்னொரு பக்கம். 1949, கண்மாய் மடை மராமத்து. ஆண்கள் நாலு பேர், நாலு பேருக்கும் பேர் எழுதியிருக்கிறது, தலைக்கு 14 அணா. அதற்குக் கீழே "பெண்ணாள் 6, தலைக்கு 8 அணா." மொத்தம் 6 ரூபாய் 8 அணா. ஆண் வெட்டுகிறான், பெண் அந்த மண்ணைக் கூடையில் சுமந்து கரை ஏறுகிறாள். ஆறு பேருக்கும் பேர் இல்லை. நடவுப் பக்கத்திலும் அப்படித்தான், களத்தில் தூற்றிய பக்கத்திலும் அப்படித்தான், மாவு இடிக்க வந்தவர் பன்னிரண்டு வருஷமும் "இடிக்கிற ஆள்" மட்டும்தான். ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஊர்க் கூலி அதுதான், நாடு முழுக்க அப்படித்தான் கொடுத்தார்கள். ஆனால் செட்டிநாட்டுப் பெண்கள் என்று பேச ஆரம்பித்தால் ஆச்சிகளின் வைரத்தோடும் பலகாரமும் மட்டுமே பேச்சாகிவிடுகிறது. அந்தக் கண்மாய்க் கரையை உயர்த்திய ஆறு பேரை விட்டுவிட்டு நான் என் ஆயாவை மட்டும் தூக்கிப் பிடித்தால் அது பொய்க் கணக்கு. சம கூலிச் சட்டம் 1976ல்தான் வந்தது. அந்த அறிக்கை கேட்டு முப்பத்தாறு வருஷம் கழித்து.

சுதந்திரம் வந்து திட்டக் கமிஷன் உட்கார்ந்தபோது அந்த அறிக்கை எங்கே போனது என்று தேடினால் மனசு கனக்கிறது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் பெண் வருகிறாள், ஆனால் உதவி பெறுகிறவளாக வருகிறாள். தாய் சேய் நலம், ஆதரவற்றோர், நலவாழ்வு. உழைத்துச் சம்பாதித்துக் கொடுக்கிறவளாகக் காணோம்.

இதில் துர்காபாய் தேஷ்முக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, எனக்கு மிகவும் பிடித்த மனுஷி. ராஜமுந்திரியில் 1909ல் பிறந்தவர். எட்டு வயசில் செய்து வைத்த கல்யாணத்தைப் பிறகு வேண்டாம் என்று விட்டு வந்தவர். 1923 காக்கிநாடா காங்கிரஸில் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்று, டிக்கெட் இல்லாமல் வந்த நேருவையே உள்ளே விடாமல் நிறுத்திய சிறுமி. உப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போனார், மதுரைச் சிறையிலும் இருந்தார். சிறையில் பார்த்த பெண்களுக்குச் சட்டம் தெரியவில்லை என்பதற்காகவே பிற்பாடு சட்டம் படித்தார். சென்னையில் ஆந்திர மகிளா சபையைத் தொடங்கினார். அரசியல் நிர்ணய சபையின் பெண் உறுப்பினர்கள் 15 பேரில் ஒருவர். 1952ல் திட்டக் கமிஷனில் உறுப்பினரானார். வாசலில் நேருவை நிறுத்திய பெண் அவர் தலைமையில் இருந்த மேசையிலேயே வந்து உட்கார்ந்தார். 1953ல் மத்திய சமூக நல வாரியம் அவர் தலைமையில் வந்தது. கிராமங்களில் பால்வாடி, கைத்தொழில், பிரசவ உதவி என்று இன்றைக்கு நமக்குப் பழகிப்போன பல காரியங்களுக்கு அந்த வாரியம் வழி போட்டது.

அதற்குத் திட்டத்தில் ஒதுக்கியது 4 கோடி ரூபாய். மொத்தத் திட்டம் 2,069 கோடி. கணக்கு எழுதுகிற கைக்கு இது உடனே போட்டுப் பார்க்கத் தோன்றும்: ஆயிரத்துக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. அந்த இரண்டு ரூபாயை வாங்குவதற்கே ஒரு துர்காபாய் உள்ளே இருக்க வேண்டியிருந்தது. சிலர் அவரை, நலத்திட்டத்தோடு நின்றுவிட்டார், உரிமை கேட்கவில்லை என்று விமர்சிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையில் கொடுத்த படியில் எவ்வளவு அளக்க முடியுமோ அவ்வளவும் அளந்தார்.

நமக்குப் பக்கத்திலேயே இருந்தவர்களையும் நாம் சரியாகச் சொல்லிக்கொள்வதில்லை. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியபோது ராஜா சேர்க்கச் சொன்னதால் படித்தார், டாக்டரானார், சென்னை மாகாணச் சட்டசபையில் துணைத்தலைவரானார், தேவதாசி முறையை எதிர்த்து நின்றார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954ல் திறக்க வைத்தார். மருத்துவமனை என்பது தர்ம காரியம் என்று மட்டும் பார்ப்பவர்கள் அதை நாட்டைக் கட்டிய கணக்கில் எழுதமாட்டார்கள், அணை மட்டும்தான் எழுதுவார்கள். இன்னொரு பக்கம் சௌந்தரம் ராமச்சந்திரன். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள், நினைத்தால் வசதியாக இருந்திருக்கலாம். கணவரோடு சேர்ந்து 1947ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை எழுப்பினார், 1962ல் மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணையமைச்சராகவும் இருந்தார். எங்கள் தெருவில் இளம் வயசிலேயே புருஷனை இழந்த ஒருவர் காந்திகிராமத்தில் பயிற்சி எடுத்துக் கிராம சேவிகாவாகத் திரும்பி வந்தாராம். வெள்ளைச் சேலையோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் பை நிறைய மருந்தோடு வருவார் என்று அம்மா சொல்வார். அவரைப் பார்த்த பிறகுதான் ஆயாவுக்கு, மகளைக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்ற தைரியம் வந்ததாம். பர்மா நிலமெல்லாம் கைவிட்டுப் போன பிறகு வெள்ளிச் சாமானை ஒவ்வொன்றாக விற்றுத்தான் பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரியில் அம்மாவைப் படிக்க வைத்தார். கல்லூரிக்கே ஓர் ஆச்சியின் பேர்.

1971ல் மத்திய அரசு பெண்களின் நிலையை ஆராய ஒரு குழு போட்டது. புல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலாளர். 1974 டிசம்பரில் அவர்கள் கொடுத்த அறிக்கை தேசத்தையே உலுக்கியது. 1901ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971ல் 930 பெண்கள். திட்டம் போட்டு, அணை கட்டி, ஆலை கட்டிய இருபது வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சரிவு நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஆறாவது திட்டத்தில்தான், 1980ல், பெண்களும் வளர்ச்சியும் என்று தனி அத்தியாயமே வந்தது.

சொத்துரிமை விஷயம் ஒரு வரி. 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அரைகுறையாகத்தான் கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989 மார்ச்சில் சட்டம் திருத்தியது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு இல்லை. அம்மாவுக்குக் கல்யாணம் 1971ல். 2005ல் மத்தியச் சட்டம் வந்துதான் அந்தத் தடை போனது. இப்போது ஓடு மாற்றுகிற வீட்டில் அம்மா யார் என்ற கேள்விக்கு இந்தத் தேதிகள்தான் பதில்.

1991ல் எனக்குப் பதினொரு வயசு. புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது அரிமளம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எங்களுக்குக் கீரை கொண்டுவருவார். தலையில் கூடை, காலில் செருப்பு இருக்காது, பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்து வெயில் ஏறித்தான் வருவார், கீரை வாடியிருக்கும். ஒரு நாள் காலை ஏழு மணிக்கே வாசலில் மணிச் சத்தம். சைக்கிள். பின்னால் கேரியரில் கூடை, முன்னால் பாரில் ஒரு சின்னப் பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக. இறங்கத் தெரியவில்லை, எங்கள் திண்ணையில் காலை ஊன்றித்தான் நிறுத்தினார். ஆயா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கீரையில் பனி இருந்தது.

அந்த மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பெண்கள் அப்படி சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவுத் திட்டத்துக்குள் சைக்கிளையும் சேர்க்கலாம் என்று யோசித்ததும், பெண்களுக்கு சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்க வழி செய்ததும் சாதாரண விஷயம் கிடையாது. கல் உடைத்த பெண்களுக்கே குழுவாகக் குவாரியைக் குத்தகைக்குக் கொடுத்ததும் அதே மாவட்டத்தில் அதே காலத்தில்தான். பொருளாதாரத் திட்டம் என்று யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் திண்ணையும் சைக்கிள் மணியும்தான். பஸ்ஸுக்கு நின்ற நேரம் அந்த அக்காவுக்குத் திரும்பக் கிடைத்தது. கீரை வாடாமல் விலை போனது. மத்தியானம் பாடம் படிக்கப் போனார்.

நேரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். 2024ல் மறுபடி எடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது, ஆணுக்கும் குறைந்திருக்கிறது. இந்த வேலை எதுவும் நாட்டின் வருமானக் கணக்கில் இல்லை. அம்மா வறுத்து அரைக்கிற மசாலாப் பொடி கடையில் பாக்கெட்டாக விற்றால் கணக்கில் வரும், எங்கள் வீட்டு டப்பாவில் இருந்தால் வராது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, அதை உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பேர் வைத்ததற்காக நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். தொகை போதுமா என்பது அப்புறம். 1940ல் கேட்ட சொல் ஓர் அரசாணைக்குள் வந்து சேர்ந்தது.

திரும்ப ஏட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷப் பற்றுப் பக்கத்தை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். மாவு இடித்த கூலி இருக்கிறது, வெள்ளையடித்த கூலி இருக்கிறது, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்க வந்தவருக்குக் கொடுத்த அரைப்படி நெல்கூட இருக்கிறது. ஆயா செய்த வேலை ஓர் இடத்திலும் இல்லை. எழுதியவரே தன்னை எழுதவில்லை.

ஒரே ஓர் இடம் தவிர. 1950 ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மூன்று மாதம் கையெழுத்து மாறுகிறது. மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் விடாமல் ஆயா படுத்திருந்தார். அந்த மூன்று மாதமும் பற்றில் புதிதாக மூன்று வரி: சமையல் ஆள் சம்பளம் 18 ரூபாய். பிள்ளைகளையும் பெரிய ஆத்தாவையும் பார்த்துக்கொள்ள ஆள், 8 ரூபாய். கணக்கெழுத ஒரு பிள்ளைக்கு 10 ரூபாய். மாதம் 36. தை மாதம் ஆயாவின் கையெழுத்து திரும்பி வருகிறது, மூன்று வரிகளும் மறைந்துவிடுகின்றன.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து நடமாடிய மாதங்களில் இல்லாத தொகை, அவர் படுத்துவிட்ட மாதங்களில் மட்டும் இருக்கிறது. அந்த ஏட்டிலேயே இருந்த விலையில் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு வருஷம் 144 மாதம், அந்த மூன்று மாதம் போக 141. மாதம் 36 ரூபாய் வீதம் 5,076 ரூபாய். பலகாரம் சுட்டது, கொட்டான் முடைந்தது, நெல் அவித்தது, ராத்திரி கண் விழித்தது எதையும் சேர்க்கவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் பிள்ளையார் சுழி போட்டு, ஆயா பேரில் வரவு 5,076 என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். 1950 ஐப்பசியில் அந்தப் பிரசவத்தில் பிறந்தவர் அம்மாதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூட்டல் சரியா என்று விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

"சரி, வரவு ஆயா பேர்ல எழுதிட்ட" என்றார். "பற்று யாரு பேர்ல எழுதுவ?"

ஐயா பேரிலா, கடை பேரிலா, எங்கள் எல்லாருடைய பேரிலுமா, அன்று புழுதிக்குள் தெரிந்த அந்தக் குல்லாய்க்காரர் கட்ட நினைத்த நாட்டின் பேரிலா. பேனாவை மூடி வைத்துவிட்டேன். தாள் ஏட்டுக்குள்தான் இருக்கிறது. வலது பக்கம் இன்னும் எழுதவில்லை.